ஊசி குத்தினால் மறைக்காதீர்கள்: ஆஸ்பத்திரி ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நேற்று நைட் டியூட்டியில் ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசி என் விரலில் குத்திவிட்டது. "வெளியே சொல்லாதே, மேனேஜ்மென்ட் திட்டும்" என்கிறார் இன்சார்ஜ் சிஸ்டர். பயமாக இருக்கிறது.
– ஸ்டாஃப் நர்ஸ், அம்மாபேட்டை

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள் அம்மா. உங்கள் டாக்டரிடம் சொல்லத் தயக்கமென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால், குத்திய 2 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. 72 மணி நேரம் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 டோஸும் போட்டிருக்கிறீர்களா? போடாதவர்களுக்கு எச்.ஐ.வி.யைவிட அந்தக் கிருமி தொற்றும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். மற்றவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: குத்தியதும் விரலைப் பிதுக்கக் கூடாது. வாயில் வைக்கவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

சம்பவத்தைத் தேதி, நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். அந்த நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதித்தால்தான் உங்களுக்கு என்ன சிகிச்சை என்று முடிவுசெய்வது சுலபம். உங்கள் இன்சார்ஜ்மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிய அனுபவம் அவருக்கும் இருக்கலாம். என் கோபம் நிர்வாகத்தின் மேல்தான். ஊசி குத்தியதையே மறைக்கிற வார்டில், நாளைக்கு மருந்து மாறிப்போனால் மட்டும் யார் வாய் திறப்பார்கள்?

மே 12 நர்ஸ் தினத்தில் கேக் வெட்டுகிறோம், யோகா வகுப்பும் வைத்தோம். ஆனாலும் சிஸ்டர்கள் ஆறு மாதம்கூட நிற்பதில்லை.
– மருத்துவமனை நிர்வாகி, ஐந்து ரோடு

டியூட்டி சார்ட்டை எப்போது ஒட்டுகிறீர்கள்? ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு, நாளைக்கு நைட் என்பது இன்று ராத்திரி வாட்ஸ்அப்பில்தான் தெரியும் என்றால் பிள்ளையை யாரிடம் விடுவாள்? இரண்டு வாரம் முன்னதாகவே ஒட்டுங்கள். ஆஃப் நாளில் கூப்பிடாதீர்கள். அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவருக்கு ஆகும் நேரத்தையும் டியூட்டியாகக் கணக்கிடுங்கள்.

2019-ல் உலக சுகாதார நிறுவனம் 'பர்ன்அவுட்'டை, அதாவது வேலையால் வரும் கடும் சோர்வை, ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் தீராத மன அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் வரையறுத்தது. அப்படியிருக்க, வேலையை அப்படியே வைத்துக்கொண்டு யோகா வகுப்பு மட்டும் வைத்தால் ஆள் எப்படி நிற்பார்கள்? யோகா இருக்கட்டும், சார்ட்டை முதலில் சரிசெய்யுங்கள்.

சேலத்தில் நைட் முடித்து ஸ்கூட்டரில் ஏற்காடு திரும்புகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் கண் சொக்குகிறது.
– லேப் டெக்னீஷியன், ஏற்காடு

தயவுசெய்து பஸ்ஸில் போங்கள். 20 வளைவு, பல நாள் பனி வேறு. வண்டியைத் தவிர்க்கவே முடியாத நாளில், டீ குடித்துவிட்டு டியூட்டி ரூமிலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்து, முகம் கழுவி, தெளிவு வந்தபின் கிளம்புங்கள். எழுந்தும் கண் சொக்கினால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.

எங்கள் கிளினிக்கில் ஆறே பேர். டாக்டர் தொட்டுத் தொட்டுப் பேசுகிறார். புகார்க் குழு எதுவும் இல்லை.
– பெயர் வேண்டாம், சேலம்

10 பேருக்குக் குறைவான இடமென்றால், பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள், பெண்கள் உதவி எண் 181-லும் கேட்கலாம். தூக்கம் கெட்டு மனசு தாங்காவிட்டால் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.