பழைய லேப்டாப்பில் வைஃபை கார்டை மாற்றினால் இணைய வேகம் கூடுமா?

கேள்வி இது: "காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பில் ஃபைபர் ரவுட்டர், 100 எம்பிபிஎஸ் திட்டம். 2013-ல் வாங்கிய லேப்டாப்பில் 35-ஐத் தாண்டவில்லை. இரண்டாங்கட்டுக்குப் போனால் அதுவும் அறுந்து அறுந்து வருகிறது. உள்ளே இருக்கும் வைஃபை கார்டை மாற்றினால் சரியாகுமா? எந்தக் கார்டு வாங்கலாம்?"

பாதி சரியாகும். 35-ல் நிற்பது அநேகமாகக் கார்டின் குறை. இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் உள்பகுதியில், அறுவது சுவரின் வேலை. அதை எந்தக் கார்டாலும் தீர்க்க முடியாது. காசைச் செலவழிக்கும் முன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள். ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, 5 கிகாஹெர்ட்ஸில் (வைஃபையின் வேகமான அலைவரிசை; மற்றது 2.4) இணைந்த ஒரு போனிலும் லேப்டாப்பிலும் வேகத்தைச் சோதியுங்கள். போனில் 90-க்கு மேலும் லேப்டாப்பில் 35-ம் வந்தால் கார்டை மாற்றலாம். பிறகு அதே போனை இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கே போனும் திணறினால் அந்த இடத்துக்கு வேறு வைத்தியம், கடைசியில் சொல்கிறேன்.

35 எப்படி வருகிறது? கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் திறந்து வைஃபையை இரட்டைக் கிளிக் செய்தால் 'ஸ்பீட்' என்று ஒரு எண் தெரியும். அது 72 என்று இருந்தால் கார்டு ஒற்றை ஆன்டெனாவில், 2.4 கிகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசுகிறது என்று அர்த்தம். வைஃபையில் கைக்கு வருவது இந்த எண்ணில் ஏறக்குறைய பாதி. ஆக 72-ல் 35 வருவது கோளாறே இல்லை, அந்தக் கார்டால் முடிந்தது அவ்வளவுதான். 144 என்றால் இரண்டு ஆன்டெனா. 40 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தால் 150, 300 என்று காட்டும். ஆனால் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் அதே அலைவரிசையில் நெருக்குவதால் 2.4-ல் அது நிலைத்து நிற்பது அபூர்வம்.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் கார்டின் பெயரைப் பாருங்கள். ஏதெரோஸ் ஏஆர்9285, ஏஆர்9485, பிராட்காம் 4313, ரியல்டெக் 8188சிஇ, இன்டெல் சென்ட்ரினோ 2230 ஆகியவை எல்லாம் 2.4 மட்டுமே. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் வீட்டில் இருந்தால் அதிலும் இந்த ரகம்தானா என்று இதே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பெயர் இன்டெல் 6205 அல்லது 6300 என்று இருந்தால் அவசரப்படாதீர்கள். இவை பழையவை என்றாலும் 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்தவை. ரவுட்டரில் 5-க்குத் தனிப் பெயர் வைத்து அதில் இணைத்தால் 300 காட்டும், 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அது தாராளம். கார்டே வாங்க வேண்டாம்.

வாங்குவதென்று முடிவானால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: ஸ்லாட் (கார்டு செருகும் இடம்), பயாஸ் (லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) பூட்டு, ஆன்டெனா ஒயர்.

ஸ்லாட்: 2012, 2013 காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் மினி பிசிஐஇ. பாதி அளவுக் கார்டு 30 மில்லிமீட்டர் அகலம், சுமார் 27 நீளம், விளிம்பில் 52 பின். முழு அளவு என்றால் நீளம் 51. முழு ஸ்லாட்டில் பாதிக் கார்டைப் போட ஒரு சின்ன நீட்டிப்புத் தகடு போதும். பாதி ஸ்லாட்டில் முழுக் கார்டு போகாது. அதன் பிறகு வந்தவற்றில் எம்.2 2230, அதாவது 22-க்கு 30 மில்லிமீட்டர். சில லேப்டாப்களில் பக்கத்திலேயே இன்னொரு மினி பிசிஐஇ ஸ்லாட் காலியாக இருக்கும். அது சிம் மோடத்துக்கோ எம்சாட்டா எஸ்எஸ்டிக்கோ வைத்தது. அதில் வைஃபை கார்டு வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய கார்டு எங்கே இருந்ததோ அங்கேயே புதியது.

பயாஸ் பூட்டு: இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். சில நிறுவனங்கள் தாங்கள் அங்கீகரித்த கார்டுகளின் பட்டியலைப் பயாஸிலேயே எழுதி வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் லேப்டாப் மேற்கொண்டு கிளம்பாது. அந்தக் காலத்து லெனோவா திங்க்பேட்களில் 1802 என்ற எண்ணோடும், ஹெச்பியில் 104 என்ற எண்ணோடும் பிழைச் செய்தி வந்து நிற்கும். டெல், ஏசர், ஏசுஸ் லேப்டாப்களில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது லெனோவாவோ ஹெச்பியோ என்றால், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பதிவிறக்கி வயர்லெஸ் கார்டுகளுக்கான பாகப் பட்டியலைப் பாருங்கள். லெனோவாவில் எஃப்ஆர்யு எண், ஹெச்பியில் ஸ்பேர் பார்ட் எண். அதே எண் ஸ்டிக்கரில் அச்சான கார்டைத்தான் வாங்க வேண்டும். இன்டெல் 7260 என்ற பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது. அதே சிப் இருந்தும் எண் மாறினால் பயாஸ் தள்ளிவிடும். மாற்றி எழுதிய பயாஸ் போட்டால் பூட்டு போகும் என்பார்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போகும். ஒரு வைஃபை கார்டுக்காக அந்த வேலையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆன்டெனா ஒயர்: ஒயர்கள் திரையைச் சுற்றி மேலே போகின்றன, கார்டில் முடிகின்றன. மினி பிசிஐஇ கார்டில் ஒயர் மாட்டும் குமிழ் சுமார் 2 மில்லிமீட்டர், எம்.2 கார்டில் அதைவிடச் சின்னது. ஒன்றின் ஒயர் இன்னொன்றில் மாட்டாது. எம்.2 கார்டை அடாப்டர் பலகையில் வைத்துப் பழைய ஸ்லாட்டில் செருகலாம் என்று சிலர் வாங்கிவிட்டு, இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, ஒற்றை ஆன்டெனாக் கார்டு வந்த மலிவு மாடல்களில் ஒயரும் ஒன்றுதான் இழுத்திருப்பார்கள். அதில் இரட்டை ஆன்டெனாக் கார்டு போட்டால் 'ஸ்பீட்' 867-க்குப் பதில் 433தான் காட்டும். அதுவும் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் போதும் என்பதால், இரண்டாவது ஒயர் இழுக்கத் திரையைப் பிரிக்காதீர்கள்.

எந்தக் கார்டு? மினி பிசிஐஇ என்றால் என் தேர்வு இன்டெல் 7260 ஏசி ('ஏசி' என்பது வைஃபை 5), இரட்டை ஆன்டெனா, 867 வரை. ஸ்டிக்கரில் 7260எச்எம்டபிள்யூ என்று இருக்க வேண்டும். பின்னால் ஏஎன் அல்லது பிஎன் என்று ஒட்டியிருந்தால் அது ஏசி இல்லாத பழைய 'என்' (வைஃபை 4) ரகம். பிஎன் என்றால் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. 7260என்ஜிடபிள்யூ என்பது எம்.2 வடிவம். மினி பிசிஐஇ வடிவில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்று ஆன்லைனில் விற்பவை இன்டெல்லின் சிப்பை வேறு யாரோ பலகையில் பற்றவைத்துத் தருபவை. ஓடும். ஆனால் தரம் கைக்குக் கை மாறும். அவற்றுக்கு இன்டெல் தரும் டிரைவர் 64 பிட் விண்டோஸ் 10, 11-க்கு மட்டுமே. விண்டோஸ் 7-ல் கிடக்கும் லேப்டாப்புக்கு 7260-தான் வழி. லினக்ஸ் போட்டவர்களுக்கு ஏஎக்ஸ்200-க்குக் கெர்னல் 5.1, ஏஎக்ஸ்210-க்கு 5.10 அல்லது அதற்கு மேல் தேவை.

எம்.2 ஸ்லாட் என்றால் 8265 அல்லது ஏஎக்ஸ்200. ஏஎக்ஸ்210-ல் கூடுதலாகக் கிடைப்பது 6 கிகாஹெர்ட்ஸ். அதைப் பேசும் ரவுட்டர் வீட்டில் இல்லாதவரை அதற்குக் கூடுதல் காசு தண்டம். 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவற்றை மட்டும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். இவை கார்டில் பாதிதான். மீதிப் பாதி புதிய இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் செருகினால் அழகாக உட்காரும், ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது.

கடையில் வாங்கினால், சென்னை ரிச்சி தெரு ஆனாலும் உள்ளூர் சர்வீஸ் கடை ஆனாலும், பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய கார்டுகளே அதிகம் கிடைக்கும். அதில் தப்பில்லை. குமிழ்கள் நசுங்கியிருக்கின்றனவா, விளிம்புப் பின்கள் கறுத்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மாட்டிய பின் டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடியைப் பார்த்தால் ஸ்டிக்கர் பொய்யா என்று தெரிந்துவிடும். இன்டெல் என்றால் 8086. அதை அடுத்து ஏஎக்ஸ்200-க்கு 2723, ஏஎக்ஸ்210-க்கு 2725.

மாட்டுவது பத்து நிமிட வேலை. முதலில் புதிய கார்டின் டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். கார்டு மாறியபின் லேப்டாப்பில் நெட் இருக்காது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உடம்பில் தேங்கிய மின்னூட்டம் இறங்க, தரையோடு தொடர்புள்ள, பெயின்ட் அடிக்காத ஓர் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையில் இறங்குங்கள். அடிமூடியில் தனிக் கதவு இருந்தால் ஒன்றிரண்டு ஸ்க்ரூவோடு முடியும். இல்லையென்றால் முழு மூடியும் கழல வேண்டும். ஸ்க்ரூக்கள் நீளம் மாறும், எது எங்கே இருந்தது என்று காகிதத்தில் வரைந்து அதன் மேலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் ஏற்றினால் விசைப்பலகைப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும்.

ஒயர்களை எடுக்கும் முன் ஒரு போட்டோ. ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. குமிழுக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேர் மேலே நெம்ப வேண்டும். இந்தக் குமிழ்கள் சுமார் 30 தடவை மாட்டிக் கழற்றத்தான் செய்யப்பட்டவை, அதனால் வேடிக்கைக்குக் கழற்றிப் பார்க்காதீர்கள். ஸ்க்ரூவை எடுத்ததும் கார்டு தானாகச் சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில் செருகி, அமுக்கி, ஸ்க்ரூ போடுங்கள். அதன்பின் ஒயர்க் குமிழை நேராக வைத்து விரல் நுனியால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நடு ஊசி வளைந்து ஆன்டெனா இருந்தும் இல்லாத கதைதான். கார்டு மாற்றியதும் ஒரே ஒரு கோடு சிக்னல் வருகிறது என்றால் பத்தில் எட்டுக்குக் காரணம் இதுதான்.

மற்றவை: வைஃபை 'ஆஃப்' என்றே நின்றால், மினி பிசிஐஇ கார்டின் 20-ஆம் பின்னைப் பாருங்கள். வயர்லெஸ் சுவிட்ச் வேலை செய்வது அதன் வழியாகத்தான். சில லேப்டாப்களும் கார்டுகளும் இதில் ஒத்துப்போவதில்லை. அந்த ஒரு பின்னின் மேல் மட்டும் மெல்லிய கேப்டான் (மின்சாரம் கடத்தாத) டேப்பைக் கீற்றாக ஒட்டினால் சரியாகும். புளூடூத் வரவே இல்லை என்றால், பழைய கார்டில் புளூடூத் இருந்ததா என்று யோசியுங்கள். புளூடூத் ஸ்லாட்டின் யுஎஸ்பி கம்பிகள் வழியாகப் போகிறது. அந்தக் கம்பியே இழுக்காத போர்டில் எந்தக் கார்டாலும் வராது. கோட் 10 என்று மஞ்சள் முக்கோணம் வந்தால் மறுபடி பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பல சமயம் அதிலேயே அந்த முக்கோணம் மறைந்துவிடும்.

ரவுட்டர் வைஃபை 6 என்றால் பழைய டிரைவரோடு 7260-க்கு அதன் பெயரே கண்ணில் படாமல் போகலாம். கடைசியாக வந்த டிரைவரைப் போடுங்கள். ரவுட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் இணையாது. டபிள்யூபிஏ2-க்கு மாற்ற வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் போனில் தெரிந்து லேப்டாப்பில் தெரியவில்லையா? ரவுட்டர் சேனலை 149-லிருந்து 36-க்கு மாற்றிப் பாருங்கள். வேறு நாட்டுக்கென்று விற்ற கார்டுகள் சிலவற்றில் மேல் சேனல்கள் பூட்டியிருக்கும்.

இனி அந்த இரண்டாங்கட்டு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய கனமான சுவர். முகப்பிலிருந்து உள்ளே போகப் போக அப்படி மூன்று நான்கு. 2.4 ஓரளவு துளைத்து வரும், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரிலேயே களைத்துவிடும். அதனால் புதுக் கார்டு போட்டபின் முகப்பிலும் வளவிலும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) வேகம் பறக்கும், இரண்டாங்கட்டில் முன்பைவிட மோசமாகத் தோன்றவும் கூடும். லேப்டாப் பிடிவாதமாக 5-லேயே தொங்குவதுதான் காரணம். கார்டின் அட்வான்ஸ்ட் அமைப்பில் 'ப்ரிஃபர்ட் பேண்ட்' என்பதை அங்கே உட்காரும்போது 2.4-க்கு மாற்றலாம். ஆனால் நல்ல வழி வேறு. முகப்பு மூலையில் இருக்கும் ரவுட்டரை வளவின் ஓரத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். திறந்த முற்றத்தின் குறுக்கே அலைக்குச் சுவர் இல்லை; சுற்றியிருக்கும் அறைகளுக்குக் கதவு வழியாகவே போகும். பர்மா தேக்குக் கதவு, சுவரைவிட எவ்வளவோ மேல். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்கு அடியிலும் மட்டும் வைத்துவிடாதீர்கள். கண்ணாடியின் பின்பூச்சு அலையைத் திருப்பி அடிக்கும்.

அதுவும் எட்டவில்லை என்றால் ரவுட்டரிலிருந்து ஒரு கேட்6 கேபிள் இழுத்து, இரண்டாங்கட்டில் பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்டாக (வைஃபை மட்டும் பரப்பும் கருவியாக) வையுங்கள். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். தெருவுக்குத் தெரு நீளும் வீடானாலும் இரண்டாங்கட்டு அதற்குள் வந்துவிடும். அந்தப் பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணைத்து, கேபிளை வான் (WAN) துளையில் அல்லாமல் லான் (LAN) துளையில் செருக வேண்டும்.

கழற்றிய பழைய கார்டைத் தூக்கிப் போடாமல், ஸ்க்ரூவோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு லேப்டாப் பையிலேயே வையுங்கள். பயாஸ் முரண்டு பிடித்தால் அன்றைக்கே திருப்பி மாட்ட வேண்டியிருக்கும்.