தரையை உடைப்பதற்கு முன் சுவருக்குள் பாருங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் 1984-ல் கட்டிய மாமனார் வீடு. கூடத்தில் மொசைக், சமையலறையில் சிவப்பு சிமெண்ட் தரை, கடப்பா கல் மேடை. எல்லாம் மங்கிப்போய்விட்டது. பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் டைல்ஸ் கடைக்காரர். மாடுலர் கிச்சன்காரர் முன்பணம் கேட்கிறார். கையில் இருப்பது மூன்று லட்சம்தான். எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முதலில் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள்.

அந்தக் காலத்து வீடு என்றால் சுவருக்குள் பெரும்பாலும் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான் ஓடும். நாற்பது வருடத்தில் அது உள்ளே துருப்பிடித்து அடைத்திருக்கும். புது டைல்ஸ் போட்ட எட்டாவது மாதம் சிங்க்குக்குப் பின்னால் ஒழுகத் தொடங்கி, ஒட்டிய டைல்ஸையே உடைத்த அனுபவம் எனக்கு உண்டு. அதே டிசைன் திரும்பக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்தச் சுவரில் ஒட்டுப்போட்ட மாதிரி நான்கு டைல்ஸ் தனியாகத் தெரிகிறது. பைப்பை சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றி, பூசுவதற்கு முன் அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட்டையும் செய்துவிடுங்கள். மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் ஒரே பழைய ஒயரில் தொங்குகிறதா, எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுவரை வெட்டுகிற வேலை எல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

அடுத்து தரை. கூடத்து மொசைக்கை எதற்கு மூட வேண்டும்? ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வராமல் கெட்டியாக இருந்தால், குழிகளை அதே நிறம் கலந்த வெள்ளை சிமெண்ட்டால் அடைத்து மெஷின் பாலிஷ் போட்டாலே போதும். டைல்ஸை விட செலவு குறைவு. அரைக்கும்போது வரும் சேற்றுத் தண்ணீரை மட்டும் சாக்கடையில் விட்டுவிடாதீர்கள், உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும்.

சமையலறைத் தரை வெடித்திருந்தால் டைல்ஸ் போடலாம். ஆனால் மேலேயே ஒட்டும்போது கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் உயரம். பசையில் ஒட்டினால் அரை அங்குலத்துக்கு மேல் ஏறும்; சிமெண்ட் கலவையில் பதித்தால் ஒன்றரை, இரண்டு அங்குலம் வரை போகும். கதவின் அடியை வெட்ட வேண்டும், தண்ணீர் போகும் ஜாலி பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். 32 அங்குல மேடை 30 ஆகிவிட்டால் தினமும் குனிந்துதான் காய் நறுக்க வேண்டும். சிவப்பு சிமெண்ட் தரை வழுவழுப்பாக வேறு இருக்கும்; கொத்திவிடாமல் ஒட்டினால் பிடிக்காது. என்னைக் கேட்டால், சமையலறை அளவுக்கு உடைத்தே போட்டுவிடலாம்.

மாடுலர் விஷயத்தில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. மேடைக்குக் கீழே நிற்கும் கடப்பா கல் தடுப்புகளை எடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற நம் சமையலறையில் அதை அடித்துக்கொள்ள பிளைவுட்டால் ஆகாது. கரையானும் அண்டாது. மேல் கல்லை மட்டும் கிரானைட்டாக மாற்றி, முன்னால் கதவும் உள்ளே எஃகுக் கூடைகளும் போட்டால் பார்வைக்கு மாடுலர்தான். முழுப் பெட்டியும் பிளைவுட்டில்தான் வேண்டும் என்றால், 'வாட்டர்ப்ரூஃப் பிளை' என்ற வாய்ச்சொல்லை நம்பாமல் பலகையின் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண். ஐ.எஸ். 710 என்பது தண்ணீரை நன்றாகத் தாங்கும் மரைன் பிளை. ஐ.எஸ். 303-ல் எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரும் தாங்குவது) என்று இரண்டு ரகம், எம்.ஆர். சிங்க் பக்கம் வரவே கூடாது. கொட்டேஷனில் கூடை, கீல், சேனல் எல்லாம் சதுர அடி விலைக்குள் வருகிறதா, தனியா என்று எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: 120 சதுர அடி சமையலறைக்கு 2x2 டைல்ஸ் எட்டுப் பெட்டி போதும் என்கிறார்கள். சரிதானா?

பதில்: பற்றாது. '2x2' என்று பெயர்தான். உண்மையில் 600 மி.மீ., அதாவது இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு டைல்ஸ் கொண்ட பெட்டி 16 அல்ல, சுமார் 15.5 சதுர அடிதான் மூடும். எட்டுப் பெட்டிக்கு 124. வெட்டி வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 132 வேண்டும். ஒன்பது பெட்டி எடுங்கள். சுவரின் அடியில் ஓட்டும் பட்டையான ஸ்கர்ட்டிங்கும் அதே டைல்ஸில் என்றால் பத்து. மீதியைப் பரணில் போட்டு வையுங்கள். என்னைப் போல் பின்னால் அலைய வேண்டாம்.

கேள்வி: வாங்கிய பெட்டிகளில் இரண்டு மட்டும் நிறம் வேறாக இருக்கிறது. 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று பில்லிலேயே அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர்.

பதில்: அதைக் கண்டு பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. பெட்டிகளின் மேல் உள்ள பேட்ச், ஷேடு எண்களைப் படம் பிடித்து, கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கு மேலும் போக வேண்டுமென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை அந்த இரண்டு பெட்டியையும் கொத்தனார் கண்ணில் படாமல் தனியாக வையுங்கள். ஒட்டிவிட்டால் உங்கள் வாதம் பாதி போய்விடும்.