உங்களுக்கு மிகவும் பிடித்த பெரிய எண் எது? ஏன்?

293318625600. நம் வழக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் எப்படியோ விடுபட்டுப்போன எண் இது.

மண்ணடியில் போல்ட், நட், ஸ்க்ரூ மொத்த விற்பனைக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். ஸ்க்ரூ எங்களிடம் குரோஸ் கணக்கில், அதாவது 144 வீதம் புழங்கும். 144-க்கு 15 காரணிகள் உண்டு; ஆனால் அதைவிடச் சிறிய 120-க்கோ 16. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் விடக் கூடுதலான காரணிகளைக் கொண்ட எண்களைத்தான் ராமானுஜன் அந்தக் கட்டுரையில் ஆராய்ந்தார் என்பதால், அவருடைய பட்டியலில் 120-க்கு இடம் உண்டு, எங்கள் குரோஸுக்குக் கிடையாது.

நான் சொன்ன எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று வரும். அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என இறங்கிக்கொண்டோ சமமாகவோ போகின்றனவே தவிர, ஓரிடத்திலும் ஏறுவதில்லை. இவ்வகை எண்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். ஒரு காரணியை உருவாக்க 2-ஐ ஒன்றுமே எடுக்காமல் விடுவது முதல் ஆறு முறை எடுப்பது வரை ஏழு வழிகள், 3-க்கு ஐந்து வழிகள் என்று பெருக்கிக்கொண்டே போனால், 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, ஆக மொத்தம் 5040 காரணிகள். அந்த 5040-உம் இதே வகை எண்தான். அதன் காரணிகள் 60, அறுபதின் காரணிகள் 12, பன்னிரண்டின் காரணிகள் 6, இவையும் அப்படியே. இந்தச் சங்கிலியைக் கண்டுகொண்ட அன்று கடைக் கணக்கு ஓடவில்லை.

1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இதில் மீதி வராது. 23-இல்தான் முதன்முதலாகத் தடுக்கும். இந்த 23 எனக்கு முக்கியமானது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன், எங்கள் கடைக்கு நடை தூரத்திலுள்ள சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தவர். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, கணிப்பொறி இல்லாத காலத்தில் கையாலேயே அவர் கணக்கிட்ட 102 எண்களில் கடைசியானது 6746328388800. ஒருநாள் மதியம், வியாபாரம் மந்தமாக இருந்தபோது, பில் புத்தகத்தின் பின்னட்டையில் விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பார்த்தேன்: பட்டியலின் அந்தக் கடைசி எண், ஓர் இலக்கம்கூடப் பிசகாமல், வந்து நின்றது. புதிதாக ஒரு பகா எண் சேர்வதால் காரணிகளும் இரட்டித்து 10080 ஆகின்றன.