அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்

கேள்வி: என் மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். சமையல், பிள்ளைகள், ஞாயிறு பள்ளி வகுப்பு எல்லாவற்றோடும் அவரையும் நான் ஒருத்தியேதான் பார்க்கிறேன். நாத்தனார் பக்கத்து ஊரில் இருக்கிறார். "மதினி, சனி ஞாயிறு நான் வந்து அம்மாவைப் பாத்துக்கிடுதேன்" என்றார். வேதாகமத்திலிருந்து பிலிப்பியர் 4:13-ஐச் சொல்லி, எனக்குக் கர்த்தர் பெலன் தருவார், வேண்டாம் என்றுவிட்டேன். போன வாரம் விரிப்பை மாற்றிய உடனே அத்தை மறுபடியும் நனைத்துவிட்டார். என்னையும் மீறிக் கை ஓங்கிவிட்டேன். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். என் சுயபெலன் சாகவும், தேவபெலத்தில் நிற்கவும் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, கை ஓங்கியது தப்பு. திருப்பிச் சொல்லக்கூட நாக்கு எழாத ஒரு கிழவியிடம் ஓங்கிய கை அது. அதை நான் லேசாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன நாத்தனார் விஷயம்.

பெற்ற மகள் வாசலில் வந்து நின்று, என் அம்மாவை நான் பார்க்கிறேன் என்கிறாள். நீங்கள் ஒரு வசனத்தைச் சொல்லி அவளைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அந்த அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது? தாயைப் பார்ப்பது அவளுக்குக் கடமை, உரிமையும்கூட. நாளைக்கு அந்த அம்மா கண்ணை மூடிவிட்டால், கடைசிக் காலத்தில் ஒரு வாய் கஞ்சி ஊட்ட முடியவில்லையே என்று அவள் காலம் முழுக்க அழுவாள். அதற்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

சரி, நீங்கள் சொன்ன வசனத்துக்கு வருவோம். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதியபோது காவலில் இருந்தார். அந்தச் சபை எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் கொடுத்தனுப்பிய உதவி கையில் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லும் இடத்தில்தான் அந்த வசனமே வருகிறது. 14-ஆம் வசனத்தை எடுத்து வாசியுங்கள்: என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். 16-இல், தெசலோனிக்கேயில் இருந்தபோதும் நீங்கள் அனுப்பினீர்களே என்று பழைய உதவியையும் நினைத்துச் சொல்கிறார். அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தைப் பார்த்தால், அந்த எப்பாப்பிரோதீத்து இந்த வேலையில் சாகும் அளவுக்கு நோயில் கிடந்து பிழைத்தவர். எனக்குக் கர்த்தர் இருக்கிறார், நீ ஊருக்குப் போ என்று பவுல் அவரை வாசலிலேயே திருப்பிவிடவில்லை. வாங்கிக்கொண்டார், கணக்கு வைத்து நன்றியும் சொன்னார். நீங்கள் நாலு மணிக்கு எழுந்து கேட்கிற பெலன் நாத்தனார் உருவத்தில் வந்தது. அதைத்தான் வேண்டாம் என்றீர்கள்.

சுயபெலன் சாக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அது வசனம் பேசிக்கொண்டு நன்றாகவே நடமாடுகிறது. மாமியாரை ஒருத்தியாகவே பார்த்தேன் என்று பெயர் எடுக்க வேண்டும். அதில் இன்னொருத்திக்குப் பங்கு போய்விடக் கூடாது. இப்படி எத்தனையோ கடிதங்கள் எனக்கு வருகின்றன. மருமகள்தான் எழுதுவாள், மகனைப் பற்றி ஒரு வரி இருக்காது. உங்கள் கடிதத்திலும் இல்லை. அவரைப் பெற்றவள்தானே அந்தக் கட்டிலில் கிடக்கிறாள்? தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வது மருமகளுக்கு மட்டும் எழுதியதா?

இதில் அத்தையின் உடம்பும் இருக்கிறது. அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். அடியில் ஒரு துணியை விரித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உரசாது. நீங்கள் ஒருத்தியாக இழுக்கும்போது அவர் தோல் விரிப்போடு சேர்ந்து இழுபடுகிறது. வலித்தால் சொல்லவும் அவரால் முடியாது. உங்கள் வைராக்கியத்துக்கு அந்த அம்மாவின் முதுகுதான் விலை கொடுக்கிறது.

வெள்ளி உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். இரவெல்லாம் கண்விழித்துவிட்டு நாலு மணிக்கு எழுவதும் வேண்டாம். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று 127-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஜெபத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அத்தைக்குத் தலை சீவும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கேட்கும்படி ஜெபியுங்கள். அதற்கு முன்னால் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்கள். அவருக்குப் புரியுமா என்று யோசிக்க வேண்டாம்.

அப்புறம், இன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போடுங்கள். நான் சொன்னது தப்பு, வாங்க என்று சொல்லுங்கள். அவர் வந்து செய்யும்போது, துணியை இப்படி மடிக்கணும், கஞ்சியை இப்படிக் கரைக்கணும் என்று பின்னாலேயே போய் நிற்காதீர்கள். ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பதை உங்கள் கணவர் பொறுப்பில் விடுங்கள். முடியாது என்று சொன்னால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.