பொந்தன்புளியைப் பிடுங்கிய அரசன்

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் நிற்கும் பொந்தன்புளி மரத்தை நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. இது ஆப்பிரிக்க மரம் என்றும், இதை வேரோடு பிடுங்கிய சிறுவன் ஒருவன் பிறகு பேரரசனானான் என்றும் என் பேரன் சொல்கிறான். அப்படி ஒருவர் உண்மையில் இருந்தாரா?
- வாசகர், கீழக்கரை

பதில்: இருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டா கெய்ட்டாதான் அவர். மரத்தைப் பிடுங்கியது மட்டும், தலைமுறை தலைமுறையாக அவர் கதையைப் பாடிவரும் 'ஜெலி' எனப்படும் மாண்டிங்குப் பாணர்கள் சொல்வது.

அவர்கள் பாடும் கதையில் சுந்தியாட்டா ஏழு வயதாகியும் எழுந்து நடக்காத பிள்ளை. குழம்புக்குக் கொஞ்சம் பொந்தன்புளி இலை கேட்டுப் போன தாய் சொகோலோனிடம், அரசரின் மூத்த மனைவி, தன் மகனே தனக்கு இலை பறித்துத் தருவதாகச் சொல்லிக் குத்திக்காட்டுகிறாள். தாய் அழுதுகொண்டு திரும்பியதைக் கண்ட பிள்ளை, கொல்லனிடமிருந்து வந்த கனத்த இரும்புத் தடியை ஊன்றி எழுகிறான். தடி வில்லாக வளைந்துபோகிறது. இலையைப் பறிப்பதற்குப் பதிலாக மரத்தையே பிடுங்கிவந்து தாயின் குடிசை வாசலில் நடுகிறான். ஏளனம் செய்த பெண்கள் இனி இலைக்கு அந்த வாசலுக்குத்தானே வர வேண்டும்! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வரலாற்றுக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில் எழுதிய வட ஆப்பிரிக்க வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன், இவரை 'மாரி ஜாட்டா' என்ற பெயரில் குறிப்பிட்டு, சோசோ மக்களை வென்று 25 ஆண்டுகள் ஆண்டவர் என்கிறார். 'ஜாட்டா' என்றால் சிங்கம் என்ற விளக்கமும் தருகிறார். சோசோ மன்னர் சுமங்குருவை இவர் கிரினாவில் முறியடித்தது ஏறத்தாழ 1235இல். சுமங்குருவுடையது என்று போற்றப்படும் பாலஃபோன் என்னும் மரக்கட்டை இசைக்கருவியை, கினி நாட்டின் நியாகசோலா ஊரில் ஒரு பாணர் குடும்பம் இன்றும் காத்துவருகிறது. மெக்கா பயணத்தில் பொன்னை வாரி வழங்கியதாகப் பேசப்படும் மன்சா மூசா, இவர் நிறுவிய அரசை ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் ஆண்டவர்.

உங்கள் மரத்துக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1340களில் இலங்கையிலிருந்து புறப்பட்டுப் புயலில் அலைக்கழிந்து, மாபார் என்று அரபியர் அழைத்த நம் கரையில் ஒதுங்கிய மொராக்கோப் பயணி இப்னு பதூதா, 1352இல் மாலிக்கும் சென்றார். போகிற வழியில், பெருமரம் ஒன்றின் பொந்துக்குள் தறி பூட்டி நெசவாளி ஒருவர் நெய்துகொண்டிருந்ததைக் கண்டு வியந்ததாக எழுதியிருக்கிறார்.