ரோட்டில் நின்று தொழில் செய்யும் திருநங்கைகள் அடிபட்டால் ஏன் போலீசில் புகார் கொடுப்பதில்லை?

புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போகத்தான் செய்கிறார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்தவர்கள்தான் மறு தடவை போவதில்லை.

கேள்வியைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கிறேன். தம்பியாகப் பிறந்தவளோ, சித்தி பிள்ளையோ. உதடு வீங்கி வந்து நின்று "விடு, கீழ விழுந்துட்டேன்" என்று சொல்லியிருப்பாள். உங்களுக்கு அவள் மேலேயே கோபம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு எஸ்டேட் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இருப்பது ஒரே போலீஸ் நிலையம், ஒரே மார்க்கெட். பெயரைச் சொன்னால் நாளைக்கே என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். எனக்கு அடுத்துப் பிறந்தவள் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், தம்பி, எனக்குத் தங்கச்சி. அவள் செய்த தொழிலை நான் மறைக்கப் போவதில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குப் போகும் மெயின் ரோட்டில், லோரிகள் நிற்கிற இடத்தில் ஆறு வருஷம் நின்றாள். எனக்குப் பிடிக்கவில்லை, சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் அது வேறு பேச்சு, அவளை அடித்தது வேறு பேச்சு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பதில் எழுத வருகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

2016. தீபாவளி அக்டோபர் 29. மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது. கடையில் ரவிக்கைத் துணி மலைபோலக் கிடந்தது, நான் ராத்திரி இரண்டு மணி வரை மிஷினில் உட்கார்ந்திருந்த நாட்கள். தெரியாத நம்பரிலிருந்து போன். பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்கிற பையனுடைய போனை வாங்கிப் பேசினாள். "அக்கா, வா" என்று மட்டும் சொன்னாள்.

என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். டாய்லெட் பக்கம் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். காரில் வந்தவர்கள் இரண்டு பேர், நம்ம பையன்கள்தான், தமிழில்தான் பேசினார்களாம். தோட்டத்துக்குள்ளே கொண்டுபோய் ஸ்டீயரிங் லாக்கால் அடித்துவிட்டு ஹேண்ட்பேக்கையும் போனையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். செம்பனைக்கு நடுவே இருட்டில் நடந்து ரோட்டுக்கு வந்திருக்கிறாள். போட்டிருந்தது நான் தைத்துக் கொடுத்த ஊதா மேல்சட்டை. பின்னால் ஆறு கொக்கி. நான் தையல்காரி, என் கண் அங்கேதான் போனது. கொக்கியை அவிழ்த்தால் துணி அப்படியே இருக்கும். இதில் கொக்கியோடு துணியும் பிய்ந்து வந்திருந்தது. நான் இரட்டைத் தையல் போட்ட இடம், சாதாரணமாக இழுத்தால் பிய்யாது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். முதலில் ஸ்டேஷன், அப்புறம் ஆஸ்பத்திரி என்று இழுத்துக்கொண்டு போனது நான். தப்புச் செய்யாதவள் ஏன் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன்.

கவுண்டரில் ஐசி கேட்டார்கள். ஐசி ஹேண்ட்பேக்கோடு போய்விட்டது. நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். நம் ஐசியில் 12 எண், கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எழுதிக்கொண்டிருந்தவர் கடைசி எண்ணைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் "இனி ஜந்தான் லா" என்றார். ஆம்பளைதான் இது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அடித்தவர்களைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கார் என்ன நிறம், நம்பர் என்ன, எதுவும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு நீ அங்கே என்ன செய்தாய் என்ற ஒரே கேள்விதான்.

அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் நேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, நாற்பது நிமிஷம். உள்ளே மூன்று ஆண்கள், பெண் போலீஸ் ஒருவரும் இல்லை. பெண்ணைப் பெண் போலீஸ்தான் சோதனை போட வேண்டும், அதுவும் கண்ணியமாக என்று சட்டமே இருக்கிறது. ஐசியில் ஆண் என்பதால் அந்தச் சட்டம் அவளுக்கு இல்லாமல் போனது. மேல்சட்டையைக் கழற்றச் சொல்லி, "நிஜமா, வச்சதா" என்று பார்த்தார்கள். சிரிப்புச் சத்தம் எனக்கு வெளியே கேட்டது. பாக்கெட்டில் இருந்த இரண்டு ஆணுறைகளை எடுத்து மேசைமேல் வைத்து, இதுதான் சாட்சி, ஆள் பிடிக்க நின்றாய் என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டார்கள். லோக்கப்பில் ஆண்களோடு. கன்னத்தில் ரத்தம் காய்ந்திருந்தது, அதைக் கழுவக்கூடத் தண்ணீர் கொடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் விட்டார்கள். 300 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். ரசீது இல்லை. ரவிக்கை தைக்க வாங்கியிருந்த அட்வான்ஸ் காசு அது. பின்னாளில் ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்தது: பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்தாள் என்று 1955ஆம் வருஷத்துச் சிறு குற்றச் சட்டத்தில் வழக்கே போட்டிருந்தாலும் முதல் தடவைக்கு அபராதம் 25 வெள்ளிக்கு மேல் போகாது. ஆள் பிடித்தாள் என்றால் குற்றவியல் சட்டம் 372பி, ஒரு வருஷம் வரை சிறை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். வழக்கும் போடவில்லை, புகாரும் எழுதவில்லை. அடித்த இரண்டு பேரில் ஒருவனை அந்தத் தைப்பூசத்திலேயே காவடிக்குப் பக்கத்தில் பார்த்ததாகச் சொன்னாள்.

எல்லாப் போலீசும் இப்படி என்று நான் சொல்லவில்லை. என் பெரியப்பா மகனே போலீஸ், நல்ல மனுஷன். "நீ உள்ளே இருந்து பார்த்தாயா" என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. அவள் முதுகில் இருந்ததைப் பார்த்தேன், சிரிப்பைக் கேட்டேன், என் கையால் காசு கொடுத்தேன். எனக்கு அது போதும்.

நாங்கள் இந்துக்கள், அதனால் இஸ்லாமியச் சமய இலாகா எங்கள் பக்கம் வராது. அவளோடு நின்ற மலாய்க்காரத் தோழிகளுக்கு இரண்டு பக்கமும் அடி. நெகிரி செம்பிலானில் ஆண் பெண் உடை உடுத்தினால் 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று ஷரியா சட்டம். அது அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது இவர்கள் எல்லாம் அழுதார்கள், சந்தோஷத்தில். 2015 அக்டோபரில் அதற்கும் மேலான கூட்டரசு நீதிமன்றம் வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் குவாந்தானில் நம் தமிழ்த் திருநங்கை ஒருத்தியை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். 2015-ல் கிள்ளானில் அவளைக் கடத்திய வழக்கில் அவள்தான் சாட்சி. சாட்சிக் கூண்டில் ஏறுவதற்குள் முடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று என் தங்கச்சி என்னிடம் ஒன்றும் பேசவில்லை, பேப்பரை மடித்து என் மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள். ஏன் புகார் கொடுப்பதில்லை என்று இனி அவளிடம் நான் கேட்க மாட்டேன்.

"உழைத்துச் சாப்பிடலாமே" என்று ஒருவர் எழுதுவார், தெரியும். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் அப்பா 31 வருஷம் அதே தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரம் சீவி, அப்புறம் செம்பனைக் குலை வெட்டினார். தோட்டத்தைத் தாமான் (குடியிருப்பு வீடுகள்) கட்ட விற்றார்கள். நாங்கள் இருந்த லயத்து வீட்டைக் காலி பண்ண மூன்று மாதம் கொடுத்தார்கள். கையில் கொடுத்த காசு அம்மாவின் வைத்தியத்துக்கே போதவில்லை. வீடு கட்டித் தருவதாகச் சொன்ன தலைவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் வந்து மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பா பிறந்த இடத்தில் இப்போது கேட்டு போட்டு கார்டு நிற்கிறான், என்னை உள்ளே விட மாட்டான். எங்களை மாதிரி எத்தனை குடும்பம்! இவள் அப்போது படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கூட்டத்துக்கு நடுவே நிற்க வைத்து முடியை வெட்டினார்கள், அதோடு நின்றுவிட்டாள். சாப்பாட்டுக் கடை, தொழிற்சாலை என்று ஏழு இடத்தில் வேலை கேட்டாள். ஐசியைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, உங்களுக்கு வருகிறேன். 2019-ல் ஓடுகிற காரிலிருந்து போத்தலை எறிந்து இவள் தோளைக் கிழித்தார்கள். அந்தத் தடவை எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. நாட்டில் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் எழுதலாம், வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போன் பண்ணினோம், ஓர் இளம் வழக்கறிஞர் பெண் கூட வந்தார். முதலில் ஆஸ்பத்திரி, காயத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் ஸ்டேஷன். இருபது நிமிஷத்தில் புகார் எழுதி, நகல் கையில் கொடுத்தார்கள். அதே நாடு, அதே சட்டம், பக்கத்தில் ஒரு கறுப்பு கோட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். புகார் கொடுத்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ. கைதே ஆனாலும் சொந்தக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் போன் பண்ண 28ஏ இடம் தருகிறது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். குடிமக்களாக இருந்தால் கைது, ரிமாண்டு நேரத்தில் தேசிய சட்ட உதவி அறவாரியம் காசு வாங்காமல் வழக்கறிஞரை அனுப்பும், 2012 முதல் இருக்கிறது. 2016-ல் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

போலீஸ்மேலேயே புகார் என்றால் ஐபிசிசி என்ற ஆணையம் இருக்கிறது. தனி ஆணையம் வேண்டும் என்று 2005-லேயே அரச விசாரணை ஆணையம் சொன்னது, 2023 ஜூலையில்தான் வந்தது. 18 வருஷம். அதற்கும் தானே தண்டிக்கும் அதிகாரம் இல்லை, பரிந்துரைதான் செய்யும். ஆனாலும் எழுதிப் போடுங்கள். எழுதாதது நடக்காதது ஆகிவிடுகிறது, அந்த நாற்பது நிமிஷம் ஆனதுபோல.

அவள் இப்போது என் கடையில் ஆரி வேலை செய்கிறாள், கல்யாண ரவிக்கைக்கு இவள் கைதான் வேண்டும் என்று ஈப்போவிலிருந்து வருகிறார்கள். நீங்கள் பேராக் பக்கம் என்றால் தனிச் செய்தியில் எந்த ஊர் என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஸ்டேஷனுக்குப் போகத் துணிந்தால் நான் கூட வருகிறேன். நடு ராத்திரியானாலும் பரவாயில்லை, மோட்டார் இருக்கிறது.