செம்பனைக் குலையில் செய்யும் நானோசெல்லுலோஸ் பெட்டிக்குச் சின்னக் கடைக்காரர்கள் இப்போதே மாறலாமா?

கேட்பவர் கடை வைத்திருப்பவராகத்தான் இருப்பீர்கள். போலிஸ்டைரீன் பெட்டியை விடச் சொல்லி அழுத்தம் வந்திருக்கும். செம்பனைக் (பாமாயில் தரும் மரம்) கழிவின் மிக நுண்ணிய நாரான நானோசெல்லுலோஸில், ஏரோஜெல் பெட்டி, அதாவது காற்று நிறைந்த, எடையே தெரியாத பெட்டி வரப்போகிறது என்று எங்கேயோ படித்துவிட்டுக் கேட்கிறீர்கள். குழம்பு, சாம்பார் ஊற்றுகிற பெட்டியாக அது இப்போதைக்கு ஆகாது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் காலையில் தோசையும் நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) விற்கிறேன். விஞ்ஞானி இல்லைதான். ஆனால் என் மகள் பல்கலைக்கழகத்தில் இதே பொருளில் ஆய்வு செய்கிறாள். தோசைக்காரிக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று எழுத வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

செம்பனை ஆலையில் பழத்தை உதிர்த்தபின் மிஞ்சும் வெற்றுக்குலை, பழக்குலை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். அதைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, நாரை நானோமீட்டர் அளவுக்குப் பிரித்தால் கூழ் மாதிரி ஒன்று வரும். அதில் பெரும்பகுதி தண்ணீர். சாதாரணமாகக் காயவைத்தால் சுருங்கி அட்டையாகிவிடும். அதனால் உறையவைத்து, பனியை அப்படியே ஆவியாக்குகிறார்கள். இல்லையென்றால் 31 டிகிரிக்கு மேல், 74 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் எழுபது மடங்குக்கு மேலான அழுத்தத்தில் கரியமில வாயுவை வைத்து உலர்த்துகிறார்கள். மிஞ்சுவது 90 சதவீதத்துக்கு மேல் காற்றுதான். 1931-இல் கிஸ்ட்லர் என்ற அமெரிக்க வேதியியலாளர் முதன்முதலில் ஏரோஜெல் செய்த காலத்திலேயே செல்லுலோஸிலும் செய்து பார்த்திருக்கிறார். விலை இன்னும் இறங்காததற்கு இந்த உலர்த்தும் செலவு ஒரு பெரிய காரணம்.

தீபாவளி விடுமுறையில் மகள் ஒரு துண்டு கொண்டுவந்தாள். வெள்ளையாக, அரிசிப்பொரி மாதிரி எடையே தெரியாமல் இருந்தது. அவள் அப்பா ஆலையில் வெற்றுக்குலை லாரியில் ஏற்றியவர். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நான் அதன்மேல் ஒரு கரண்டி சூடான சாம்பார் ஊற்றினேன். உறிஞ்சிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சப்பையாக அமுங்கிவிட்டது. செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு ஆசை. மேலே பூச்சு போட்ட இன்னொரு துண்டில் சொட்டு உருண்டு ஓடியது, உண்மைதான். ஆனால் அந்தப் பூச்சு சூட்டிலும் சம்பல் எண்ணெயிலும் நிற்குமா, சாப்பாட்டில் பட்டால் நல்லதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். காய்ந்த நானோசெல்லுலோஸ் படலம் ஆக்ஸிஜனை நன்றாகத் தடுக்கும். ஈரப்பதம் ஏறினால் அந்தத் தடுப்பு குறைந்துவிடும். நம் ஊர்க் காற்று எப்போது காய்ந்திருக்கிறது?

அதற்காக உதவாத பொருள் என்று சொல்லவில்லை. இறைச்சித் தட்டுக்கு அடியில் ரத்தநீரை உறிஞ்சும் அட்டை, மீன் பெட்டிக்குக் குளிர்காப்பு, காகிதத்தில் எண்ணெய் ஊறாமல் தடுக்கும் மெல்லிய பூச்சு, இங்கெல்லாம் பொருந்தும். இறைச்சித் தட்டில் உறிஞ்சுவதே வேலை.

இந்த மகளைத்தான், படிவம் நான்கில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் பிரிவு கஷ்டம் என்று ஓர் ஆசிரியர் கணக்கியலுக்குத் தள்ளப் பார்த்தார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்கும் பல பிள்ளைகளுக்கு அதே பேச்சுதான்.

சரி, கடைக்கு வருவோம். ‘மக்கும் பெட்டி’ என்று விற்க வந்தால், உள்பூச்சு என்னவென்று கேளுங்கள். பிஎல்ஏ (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) என்றால், 60 டிகிரி அளவுக்குச் சூடாகும் உரமாக்கும் ஆலையில்தான் அது ஒழுங்காக மக்கும். எங்கள் ஊரில் எல்லாக் குப்பையும் ஒரே லாரியில் போகிறது. நான் நாசி லெமாக்கை வாழை இலையிலும் காகிதத்திலும் மடிக்கிறேன். பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கு 30 காசு குறைக்கிறேன். சாம்பாரை இன்னும் பிளாஸ்டிக் பையில்தான் கட்டுகிறேன், மறைக்க மாட்டேன். அதற்கு நம் விலையில் மாற்று கிடைத்தவர்கள் கீழே எழுதுங்கள், அடுத்த நாளே வாங்குகிறேன்.